பூஜ்ஜியத்தால் வகுக்க வைத்த கேட்

இதை எழுத நோட்டை எடுத்து வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அரைப் பக்கம் எழுதுவேன். விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டது என்று மூடிவிடுவேன். விளக்கு ஒரு சாக்கு. எழுதினால் நான் செய்தது தெரிந்துவிடும் என்கிற பயம்தான் நிஜம். வேலையிலிருந்து நின்று, முட்டி வலியோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் இன்னொரு பயம் பெரிதாக வந்து நிற்கிறது. எழுதாமல் போனால் உங்களில் யாராவது அதையே செய்வீர்கள். வல்லக்கோட்டை முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

புதிதாக வகுப்பு நடத்த வந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சியில் என்னைப் பற்றி உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல் தீப்பிடித்தபோது நாற்பது பெண்களை ஒரு கணக்கு டீச்சரம்மா காப்பாற்றினாள் என்று. அதற்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் குனிந்து வாங்கிக்கொண்டேன். அந்தக் கதையில் பதினெட்டு நாள் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பதினெட்டு நாளைத்தான் இங்கே எழுத வேண்டும்.

நான் படித்தது பத்தாவது வரைதான். பென்னலூரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவளை, பெண் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க ஆள் வேண்டும் என்று டிரஸ்ட்காரர்கள் கூப்பிட்டார்கள். கம்பெனியில் மூன்று ஷிஃப்ட் வேலை செய்கிற பெண்கள். தெற்குச் சீமையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். கணக்கில் கோட்டை விட்ட பரீட்சையை மறுபடி எழுத வேண்டும் என்பவர்கள். சென்னையில் யாரோ நடத்திய பாடத்தைப் படம் பிடித்து மெமரி கார்டில் போட்டுக் கொடுப்பார்கள். பெண்கள் அதை போனில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் நான் பாடம் நடத்தக் கூடாது. அவர்கள் கணக்குப் போடுவார்கள், பேசுவார்கள், சண்டை போடுவார்கள். நான் கூட இருப்பேன். பாடம் வீட்டில், வீட்டுப்பாடம் வகுப்பில். இதற்கு ஃபிளிப்டு கிளாஸ்ரூம் என்று பெயர் சொன்னார்கள். நாங்கள் தலைகீழ் வகுப்பு என்போம்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் பேச்சியம்மாள், ஒல்லியாக இருப்பாள், கேள்வி மட்டும் பெரிதாகக் கேட்பாள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று கேட்டாள். வெளியே போய் மூன்று தடவை தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"அப்பம் நல்லதுக்கா" என்றாள் பேச்சி. "தெரிஞ்சவங்கட்ட கேட்டா வாய மூடுன்னுதான் சொல்லுவாவ. வாங்க, சேந்து பாப்போம்."

அன்றைக்கே அவள் என்னைப் பாதி குணமாக்கிவிட்டாள். மீதி பயம் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

கார்டில் கணக்கோடு வாழ்க்கைப் பாடமும் சேர்ந்தே வரும். அந்த வாரம் வந்த பாடம் வீதம். ஒரு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், ஒரு மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு கட்டிடத்தை விட்டு ஆட்கள் எவ்வளவு நேரத்தில் வெளியேற முடியும் என்று முடித்தார்கள். 'நீங்கள் தங்கும் இடத்தில் அளந்து வாருங்கள்' என்று ஒரு வேலையும் இருந்தது. நானும் யோசிக்காமல், "அளந்துகினு வாங்க பொண்ணுங்களா" என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சி ஒரு கோடு போட்ட தாளோடு வந்தாள். ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்தில் ஹாஸ்டல் கேட் பக்கத்தில் நின்று போனில் நேரம் பார்த்து எண்ணியிருக்கிறாள். இரட்டைக் கதவு கிரில் கேட். ஒரு கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டே இருக்கும். மற்றதை ஒட்டிச் செருப்பு ஸ்டாண்ட். நிமிடத்துக்கு இருபது பேர்தான் போக முடிகிறது. ஹாஸ்டலில் நூற்றிருபது பேர். ஆறு நிமிடம்.

"கம்பெனி டிரில்லுல மூணு நிமிஷந்தான் குடுப்பாவ" என்றாள் ஒருத்தி.

ரோஸ்லின் சிரித்தாள். தூத்துக்குடிப் பெண். எதற்கெடுத்தாலும் அவளுக்குச் சிரிப்பு. பாடத்தைப் படுத்துக்கொண்டுதான் பார்ப்பாள். "கார்ட போட்டாலே தூக்கம் வந்துருதுக்கா, தாலாட்டு மாரி" என்று என்னிடமே சொல்வாள். அவள் சொன்னாள்: "ஏட்டி பேச்சி, ஆறு நிமிஷம் கேட்டு தொறந்து கெடந்தாத்தான? பகல்ல பூட்டிக் கெடக்கே, அப்பம் எத்தன நிமிஷம்?"

அந்த ஹாஸ்டலில் அது வழக்கம். நைட் ஷிஃப்ட் முடித்த பெண்கள் காலையில் வந்து தூங்குவார்கள், நாற்பது பேர் போல. வார்டனம்மா காய்கறி வாங்கக் கிளம்பும்போது வெளிப்பக்கம் பூட்டு போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடும். வயசுப் பிள்ளைகள் தூங்குகிற இடம், எவனாவது நுழைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்கும். அந்த அம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு வெளியிலிருந்து வருகிற பயம்தான் தெரியும்.

பேச்சி கரும்பலகைக்குப் போனாள். நாற்பது என்று எழுதி வகுத்தல் குறி போட்டாள். கீழே என்ன எழுதுவது என்று சாக்பீஸோடு நின்றாள்.

"பூட்டுனா நிமிஷத்துக்கு ஒருத்தரும் போவ முடியாது. அப்பம் பூஜ்ஜியம்" என்று எழுதினாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். "அக்கா, பூஜ்ஜியத்தால வகுக்கக் கூடாதுன்னு கார்டுல சொன்னாவல்லா? ஏன்னு எனக்கு அப்பம் புரியல. விடையே கெடையாது. எத்தன நிமிஷம் குடுத்தாலும் ஒருத்தியும் வெளிய வர மாட்டா."

ரோஸ்லின் சிரிக்கவில்லை.

பேச்சி கணக்கு எழுதிய தாளிலேயே கீழே அவர்களே எழுதினார்கள். முதல் வரி, பகலில் பூட்டக் கூடாது. இரண்டாவது, தாழ்ப்பாள் போட்ட கதவையும் திறக்க வேண்டும். மூன்றாவது, கேட் உள்பக்கம் திறக்கிறது, எல்லாரும் நெருக்கி நின்றால் திறக்காது, வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும். மேலே தேதி போட்டாள் பேச்சி. என் கையில் கொடுத்தாள்.

"ஓனர்ட்ட நீங்க சொல்லுங்கக்கா. நாங்க சொன்னா பெட்டியத் தூக்கி வெளிய வச்சிருவாவ."

"சொல்றம்மா" என்றேன்.

அந்த ஹாஸ்டல் ஓனர்தான் எங்கள் வகுப்புக்கும் ரூம் கொடுத்தவர். அவருடைய கடைக்கு மேல் மாடியில், வாடகை வாங்காமல். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார்.

"கணக்கு கரீட்டாத்தான் கீது. ஆனா இத்த எத்துக்கினு போயி அவராண்ட நீட்டுனா இன்னா ஆவும் தெரியுமா? ரூம காலி பண்ணுன்னுவாரு. அத்தினி பொண்ணுங்க படிப்பும் பூடும். உனுக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?"

"பூட்டிக் கெடக்குதேங்க."

"எத்தினி வருசமா பூட்டிக்கினு கீறாங்க? இன்னா ஆயிட்ச்சி?"

அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் நிஜம். தாளை நாலாக மடித்து, சாமி அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்கு அடியில் வைத்தேன். முருகா, நீ பார்த்துக்கொள் என்றேன். வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. யாரிடமோ சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்ட மாதிரி.

அந்த லேசு ஒரு நாள்கூட நிற்கவில்லை. தாளிப்பு புகைந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். நெடுஞ்சாலையில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போனால், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஷேர் ஆட்டோவில் ஹாஸ்டல் சந்து முனையைத் தாண்டும்போது கண் தானாகப் பூட்டைத் தேடும். தொங்கிக்கொண்டிருக்கும். கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தேன். கோயில் வரிசையில் நின்றபோதும் வாசலில் நிமிடத்துக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று என் வாய் எண்ணிக்கொண்டிருந்தது. சாமியிடம் போய் நின்றும் பூட்டைத்தான் பார்த்தேன். ஓனர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே மட்டும் போகவில்லை.

அடுத்த ஞாயிறு பேச்சி கேட்டாள். "சொல்லிட்டியளாக்கா?"

"சமயம் பாத்துக்கினு கீறேம்மா."

அன்றைக்கே சமயம் தானாக மாடிப்படி ஏறி வந்தது. வீட்டில் பூஜை போட்ட சுண்டலைத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஓனரே வந்தார். பெண்களுக்குத் தன் கையால் கொடுத்தார். "இன்னா டீச்சரம்மா, கணக்கெல்லாம் எப்டி போவுது? கொறை எதுனா கீதா?" என்று கேட்டார்.

இருபது பெண்களும் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன்.

அவர் இறங்கிப் போனார். ரோஸ்லின், "சுண்டல்ல உப்பு கொறையுதுன்னாவது சொல்லிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள். அதற்கடுத்த ஞாயிறு பேச்சி என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

தாள் கொடுத்த பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை. நைட் ஷிஃப்ட் பெண்களுக்கான மதிய வகுப்புக்காகப் பத்தரை மணிக்கே ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கினேன். சந்து முனையில் ரப்பர் எரிகிற நாற்றம். பஞ்சர் கடையில் டியூப் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டால் கம்பியை அடிக்கிற சத்தம். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து தட்டுகள்.

ஹாஸ்டல் மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் பெட்டி எரிந்துகொண்டிருந்தது. கரும்புகை படியேறி மேலே போய்க்கொண்டிருந்தது. கிரில்லுக்குப் பின்னால் நைட்டியும் கலைந்த தலையுமாகப் பெண்கள். வெளிப்பக்கம் பூட்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக் கையைக் கூப்பினேன். முருகா என்றேன். இதைத்தானே பதினெட்டு நாளாகச் செய்கிறாய் என்று எனக்குள் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. அது முருகனாகவே இருக்கட்டும். கண்ணைத் திறந்து பஞ்சர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கடப்பாரையோடு வந்தார். வார்டனம்மாவுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலாவது இடியில் பூட்டு தெறித்தது.

கேட் திறக்கவில்லை.

பெண்கள் எல்லாரும் கேட்டின் மேல் சாய்ந்திருந்தார்கள். பின்னால் புகை. அவர்கள் நெருக்க நெருக்கக் கதவு இறுகியது. முன்னால் இருந்த ஒருத்தியின் கன்னம் கம்பியில் பதிந்திருந்தது. கடைக்காரர் தள்ளுகிறார், அசையவில்லை. பதினெட்டு நாளும் காலையும் மாலையும் விளக்கேற்றும்போது பிரித்துப் பிரித்துப் படித்த தாள் எனக்கு மனப்பாடம். பேச்சியின் தலை நடுவில் தெரிந்தது.

"பேச்சி! மூணாவது வரி!" என்று கத்தினேன்.

அவளுக்கு ஒரு நொடி போதும். "எட்டி, பின்னால போங்க! ரெண்டடி பின்னால போங்கட்டி! கேட்டு உள்பக்கந்தாம் தொறக்கும்! தள்ளாதிய!" என்று குரல் கொடுத்தாள். முதலில் யாரும் நகரவில்லை. அவள் இரண்டு பேரின் சடையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள். அந்த இடைவெளியில் கதவு உள்ளே போனது. செருப்பு ஸ்டாண்டை வெளியே வீசினார் கடைக்காரர். பேச்சி கேட் ஓரமாக நின்று ஒவ்வொருத்தி முதுகிலும் தட்டி அனுப்பினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." வகுப்பில் எண்ணுகிற அதே குரல்.

கடைசிப் பெண் வந்ததும் பேச்சியும் வெளியே வந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"முப்பத்தெட்டு. என்னச் சேத்து முப்பத்தொம்பது. நாப்பதுல்லா வரணும்?" சுற்றிப் பார்த்தாள். "ரோஸ்லின எங்கட்டி?"

பேச்சி கேட் பக்கம் திரும்பினாள். அவள் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தேன். துண்டு என் கையில் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

பஞ்சர் கடைக்காரர் மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தார். யாரோ மெயினை நிறுத்த ஓடினார்கள். நான் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்த கேட். ஒருவரும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், பூஜ்ஜியம் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தத் துண்டை முறுக்கி முறுக்கி என் விரல் வெளுத்துவிட்டது.

இரண்டு பேரும் உட்கார்ந்த வாக்கில் படியில் இழுபட்டுக்கொண்டு வந்தார்கள். பேச்சிக்கு மூச்சே இல்லாத மாதிரி இருமல். ரோஸ்லினுக்கு அரைத் தூக்கம் கலையாத முழி. ஒரு காதில் இயர்போன் இன்னும் மாட்டியிருந்தது, இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தாங்கிப் பிடித்தபோது அதிலிருந்து சன்னமாக ஒரு குரல் கேட்டது. எங்கள் கார்டு. 'இப்போது நீங்களே செய்து பாருங்கள்' என்று பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கும் அந்தக் குரல் எங்காவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரோஸ்லினை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். பேச்சி அங்கேயே இருந்தாள். குரல் கட்டி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. நான் வீட்டுக்குப் போய், கிண்ணத்துக்கு அடியிலிருந்த தாளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓனர் வந்தார். பேச்சியைப் பார்த்ததும் அந்தப் பெரிய மனுஷன் சுவரில் சாய்ந்து அழுதார்.

"பூட்டு போட்ணும்னு எனுக்கு இன்னா ஆசையா டீச்சரம்மா? பொண்ணுங்க பத்திரமா இருக்கணும்னுதான போட்டேன். ஒருத்தராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அன்னிக்கே எடுத்துட்டிருப்பனே!"

தாள் என் மடியில் இருந்த பைக்குள் இருந்தது. பையின் ஜிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. பேச்சி என்னைப் பார்த்தாள். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு, திரும்பாமலே கேட்டாள். "தாள் வச்சிருக்கியளாக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். மடிப்பெல்லாம் விபூதி. ஊதிவிட்டு, பேனா கேட்டாள். இருபது என்ற இடத்தை அடித்து முப்பது என்று எழுதினாள்.

"வரிசையா போனா நிமிஷத்துக்கு முப்பது போவலாம். நா எண்ணுனேன்லா" என்றாள். இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "இத அவர்ட்ட குடுங்க. தேதிய மட்டும் மாத்திராதிய."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள் காலையில் குளித்து விளக்கேற்றிவிட்டு ஓனர் வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே தாளை நீட்டினேன். மூன்று வரியையும் படித்தார். பிறகு மேலே தேதியைப் பார்த்தார். தீப்பிடித்த நாள் வரைக்கும் விரல்விட்டு எண்ணினார்.

"பதினெட்டு நாளா?" என்றார்.

"ஆமாங்க."

"சுண்டல் எத்துக்கினு வந்தேனே, அன்னிக்கும் இது உங்கையிலதான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அந்த வாரமே கேட்டைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார். பகல் பூட்டு நின்றது. ரூமைக் காலி பண்ணச் சொல்லவில்லை. நான் பயந்தது ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் ஒரு நாளும் எங்கள் மாடிப்படி ஏறவில்லை. வெளியிலும் அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பூட்டு அவருடையது, மௌனம் என்னுடையது; இரண்டுமே வெளியே வரவில்லை. அதனால்தான் பொன்னாடை என்னிடம் வந்து சேர்ந்தது.

பேச்சியை அவள் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வருஷப் பரீட்சையை அவள் எழுதவில்லை. பின்னால் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. போன் நம்பர் இருந்தது. பேச எனக்கு முகம் இல்லை.

பிள்ளைகளே, இந்தத் தலைகீழ் வகுப்பில் பாடம் நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. அவர்கள் படுக்கும் அறையில், பூட்டிய கேட்டுக்குள்ளே. அங்கே போய் அளந்து வா என்று நாம்தான் அனுப்புகிறோம். அவர்கள் அளந்து கொண்டுவந்து நம் கையில் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு அது அவர்கள் வீட்டுப்பாடம் இல்லை, நம்முடையது. சாமி கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் தாளைக் கிண்ணத்துக்கு அடியில் வைக்காதீர்கள். உங்களுக்குக் கால் இருக்கிறது. நடந்து போய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்து கும்பிடுங்கள்.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள், என்னை நல்லவளாகக் காட்ட எதையும் கூட்டாதீர்கள். மூணாவது வரியைச் சொல்கிறவர்கள் சுண்டலையும் சொல்ல வேண்டும். பதினெட்டைப் பத்தாக்கிவிடாதீர்கள். பேச்சி என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.